மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு பைத்தான் எதற்கு, அட்டைப்பெட்டி எதற்கு?

பட்டர்வொர்த்_அப்பா | 2025 ஜனவரி 19, காலை 10.12

மகன் இங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முதலாம் ஆண்டு. முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுத ஒரு பாடம், எஞ்சினியரிங் டிசைன் என்று இன்னொரு பாடம். கோடிங் வகுப்பில் மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டி கிரேடு போடும் புரோகிராம் எழுதுகிறான். டிசைன் வகுப்புக்கென்று வீடு முழுக்க அட்டைப்பெட்டியும் குளூ கன்னுமாகக் கிடக்கிறது. பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் வேலை விளம்பரம் எதைப் பார்த்தாலும் சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் என்று கம்ப்யூட்டரில் வரையும் மென்பொருளைத்தான் கேட்கிறார்கள். கட்டணம் கட்டுகிறவன் நான். இந்த ரெண்டு பாடமும் ஒப்புக்குச் சப்பாணிதானே? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 19, இரவு 11.40

சப்பாணி இல்லை. ஆனால் உங்கள் எரிச்சலில் பாதி நியாயம்.

நான் பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் டெஸ்ட் எஞ்சினியராகத் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு, இப்போது பகுதிநேரமாக இதே இரண்டு பாடங்களையும் எடுக்கிறவன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கோடிங் ஒரு கட்டடத்தில், டிசைன் இன்னொரு கட்டடத்தில். ஒன்றுக்கு கம்ப்யூட்டர் துறை ஆள், மற்றதற்கு மெக்கானிக்கல் துறை ஆள், ரெண்டு பேரும் கேன்டீனில்கூடப் பேசிக்கொள்வதில்லை என்றால் அங்கே உங்கள் காசு வீண்தான். மெக்கானிக்கல் பையன் கிரேடு போடும் புரோகிராம் எழுதி என்ன செய்யப்போகிறான்? அவன் எழுத வேண்டியது, அவன் ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டைப்பாலம் எத்தனை கிலோவில் முறியும் என்று சொல்லும் புரோகிராம். சொன்ன பிறகு பாலத்தின் மேல் எடைக்கல்லை ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பாடம். பிரித்து வைத்ததுதான் கோளாறு.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 20, இரவு 10.05

'சும்மா பேசாமல் உதாரணம் காட்டுங்கள்' என்று ஒருவர். சரி.

30 டிகிரி சரிவு, அதன்மேல் 100 கிலோ பெட்டி. சரிவு வழியே அதைக் கீழே இழுக்கும் விசை எவ்வளவு? எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) பிசிக்ஸ் ஒழுங்காகப் படித்தவன் வாயாலேயே சொல்வான்: பெட்டியின் எடை 981 நியூட்டன், 30 டிகிரிக்கு அதில் பாதி, ஏறக்குறைய 490. அதையே பைத்தானில் போடச் சொன்னால் சைன் என்று அடித்து அடைப்புக்குறிக்குள் 30 என்று போட்டுவிடுவார்கள். பைத்தான் கோணத்தை டிகிரியில் இல்லை, ரேடியன் என்ற வேறு அலகில்தான் எடுத்துக்கொள்ளும். விடை −969.259 நியூட்டன் என்று வரும். அதாவது பெட்டி சரிவில் தானாக மேலே ஏறுகிறது. அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் உண்டு, மூன்று தசம இடம் சுத்தமாக.

இவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. அதே கேள்வியைத் தாளில் கொடுத்தால் யாரும் கழித்தல் குறி போடமாட்டார்கள். திரையில் வந்துவிட்டால் சந்தேகம் செத்துப்போகிறது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் சட்டம் ஒன்று. புரோகிராமை ஓட்டும் முன்னால், விடை எவ்வளவு வரும் என்று பேனாவால் தாளில் எழுது. திரையில் வந்தது அதோடு ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுது. தாளுக்கு மார்க் உண்டு. ஊகம் தப்பானாலும் உண்டு. எழுதாவிட்டால் புரோகிராம் பொன்னாக இருந்தாலும் பாதி மார்க்தான்.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 20, இரவு 10.31

'கால்குலேட்டர் வந்தபோதும் வாத்தியார்கள் இப்படித்தான் புலம்பினார்கள்.' கால்குலேட்டரில் டிகிரியா ரேடியனா என்று மூலையில் சின்னதாகவாவது காட்டும், தம்பி. இங்கே அதுவும் கிடையாது.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 22, பின்னிரவு 12.50

தூக்கம் வரவில்லை, ஆலைக் கதை ஒன்று.

ஒருநாள் காலை ஷிஃப்டில் டெஸ்டர் பக்கம் போனேன். டெஸ்டர் என்றால் லைனில் வரும் ஒவ்வொரு போர்டையும் ஃபிக்ஸ்சரில் அழுத்தி, மின்னழுத்தம், மின்னோட்டம் எல்லாம் அளந்து, பச்சையோ சிவப்போ காட்டும் யந்திரம். அதை ஓட்டுகிற அக்கா சுங்கை பாக்காப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். என்னைப் பார்த்ததும், "சார், காலையிலேர்ந்து ஒண்ணுகூட ஃபெயில் ஆகல. எனக்கு நல்லாப் படல" என்றார்.

யீல்டு, அதாவது தேறிய போர்டுகளின் விகிதம், நூற்றுக்கு நூறு. மேனேஜர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். நான் போய்ப் பார்த்தால், ராத்திரி ஷிஃப்டில் வேறொரு மாடல் ஓட்டியவர்கள் அதன் லிமிட் ஃபைலையே (எந்த அளவுவரை பச்சை என்று சொல்லும் கோப்பு) விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மாடலுக்கு வரம்பு அகலம். எந்தப் போர்டை வைத்தாலும் பச்சைதான். காலையிலிருந்து போனதையெல்லாம் திரும்ப இழுத்து மறுபடி டெஸ்ட் செய்தோம்.

புரோகிராமில் பிழை எதுவும் இல்லை, சொன்னதைச் செய்தது. பிழையைப் பிடித்தது அந்த அக்காவின் மனதில் இருந்த ஒரு எண்: ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சிவப்பு வரும் என்று. அவருக்குக் கோடிங் தெரியாது. என் மாணவர்களுக்குக் கோடிங் தெரியும், அந்த எண் இல்லை. தாளில் ஊகம் எழுதச் சொல்வது அந்த எண்ணை வளர்க்கத்தான்.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 24, மாலை 6.20

சாலிட்வொர்க்ஸ் பக்கம் வருகிறேன், கேட்டவர் அதைத்தானே கேட்டார்.

அது வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கற்றுக்கொள்ளட்டும். பொத்தான்களைப் பழக ஒரு செமஸ்டர் தாராளம். ஆனால் அதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்ற ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாது.

போன செமஸ்டர் ஒரு குழு அர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்குப் பெட்டி வரைந்தது. திரையில் பார்த்தால் கடையில் விற்கிற சாமான் மாதிரி பளபளப்பு. 3டி பிரிண்டரில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாலு மூலையிலும் ஸ்க்ரூ. டிரைவரைக் கையில் கொடுத்து "மாட்டும்மா" என்றேன். ஸ்க்ரூத் தலைக்கு நேர் மேலே பெட்டியின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, டிரைவர் நேராக இறங்க வழியில்லை. அந்தப் பெண் சாய்த்து வைத்துத் திருகித் திருகி ஸ்க்ரூத் தலையின் வெட்டே தேய்ந்துபோனது. யு.எஸ்.பி. துளையும் போர்டுக்கு 2 மில்லிமீட்டர் கீழே. கேபிள் உள்ளே போகாது. பிரிண்டர் இரவு முழுக்க ஓடியதுதான் மிச்சம்.

இதையே முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அண்ணே, உங்கள் வீட்டில் கிடக்கிற அட்டைப்பெட்டி அதற்குத்தான். குளூ கன்னை மட்டும் பிளக்கில் விட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 24, இரவு 9.15

மேலே சொன்னதன் பெரிய உருவம் ஒன்று உண்டு, எல்லா டிசைன் வகுப்பிலும் வரும்: 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். முகப்புக் கூடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள், கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்குபவை. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்கும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போட்டு நட்டு ஏற்றுவது தொல்லை என்று அதை இரண்டு கம்பியாக்கினார்கள். கீழ்ப்பாலம் மேல்ப்பாலத்தின் உத்தரத்திலிருந்து தொங்கியது. ஒரே கயிற்றை ரெண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம். மேல் உத்தரத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பு. இரண்டு பாலமும் விழுந்து 114 பேர் போனார்கள்.

வரைபடத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இன்றைய சாலிட்வொர்க்ஸில் வரைந்தாலும் அப்படித்தான். 'இந்த நட்டின் மேல் எத்தனை கிலோ?' என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். பதில் ஒரு கூட்டல் கணக்கு.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 27, காலை 7.40

'எக்செல் போதாதா, பைத்தான் எதற்கு?'

பல நேரம் போதும். ஆலையில் நான் பார்த்த முக்கால்வாசிக் கணக்கு எக்செலில்தான் ஓடியது. எக்செலை மட்டமாகப் பேசுகிற வாத்தியார்கள் ஆலைக்குள் கால் வைக்காதவர்கள்.

எங்கே போதாது என்றால்: 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகை 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. தாண்டியதெல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துபோய், கிட்டத்தட்ட 16,000 பேரின் முடிவு அன்றாடக் கணக்கில் வராமலே போனது. பைத்தானில் எழுதியிருந்தாலும், எத்தனை வரிசை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று எண்ணிப் பார்க்காதவன் கையில் இதேதான் நடந்திருக்கும். ஆக மறுபடியும் பேனாவும் தாளும்.

வாத்தி_பாயான்பாரு | ஜனவரி 29, மதியம் 2.00

சீனப் பெருநாள். வளாகத்தில் ஈ காக்கை இல்லை. பட்டறையைத் திறந்து பார்த்தால் மூன்றாம் குழுவின் அட்டைப்பாலத்தில் எறும்பு. மைதா கூழ் காய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள், சிக்கனமாம். சுமைப் பட்டியலில் எறும்பைச் சேர்க்கச் சொல்லவேண்டும்.

வாத்தி_பாயான்பாரு | பிப்ரவரி 8, இரவு 11.10

தைப்பூசத்துக்கு மூன்று நாள். இந்த செமஸ்டர் கொடுத்திருக்கும் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பாடத்தையும் ஒன்றாகக் கட்டியது இதில்தான் எனக்குக் கொஞ்சம் சரியாக வந்திருக்கிறது.

தலைப்பு: தண்ணீர்ப்பந்தல். பினாங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகக் குடிக்கக் கொடுக்கும் பந்தல். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ஜாலான் உத்தாமா சாலை நெடுக இரண்டு பக்கமும் பந்தல். கம்பெனிப் பந்தல், வங்கிப் பந்தல், லாரிக்காரர்கள் பந்தல் என்று. குழுவுக்கு ஒரு பந்தல். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பந்தல் பழக்கம்தான், வருஷா வருஷம் வந்து குடிக்கிறவர்கள்.

கேள்வி இதுதான். ஒரு குழாய். ஒரு கப் பிடித்துக் கொடுக்க சராசரி 10 விநாடி. ஆக நிமிடத்துக்கு 6 பேர். கூட்டமும் சராசரியாக நிமிடத்துக்கு 6 பேர் வருகிறது. ஒரு குழாய் போதுமா?

தாளில் எல்லோரும் 'போதும், சரியாகப் போதும்' என்று எழுதினார்கள். அப்புறம் பைத்தானில் வரிசையை ஓட்டவிட்டேன். ஆட்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. சில நிமிடம் யாரும் இல்லை, அடுத்த நிமிடம் ஒரு வேன் நிறைய ஆள். ஒருவர் சட்டென்று வாங்கிக்கொண்டு போவார், ஒருவர் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத்தான் நகர்வார். இந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து ஓட்டினால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. யாரும் வராத நிமிடத்தில் சும்மா நின்ற குழாய் அந்த நேரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பையன் மட்டும் "சார், புரோகிராம் தப்பு" என்றான். நான் எதிர்பார்த்த வாக்கியம். தப்பு என்றால் எங்கே என்று காட்டு என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரம் தேடினான்.

இதற்குச் சூத்திரமும் உண்டு, ஒரு வரிதான். வருவதும் வாங்குவதும் தாறுமாறாக இருந்தால், ஒருவர் வந்து வாங்கி நகரும்வரை ஆகும் சராசரி நேரம் = 1 ÷ (கொடுக்கும் வேகம் − வரும் வேகம்). நிமிடத்துக்கு 5 பேர் வந்தால் 1 ÷ (6 − 5), ஒரு நிமிடம். 5.7 பேர் வந்தால் 1 ÷ 0.3, மூன்று நிமிடம் இருபது விநாடி. கூட்டம் 14 சதவீதம் கூடியது, காத்திருப்பு மூன்று மடங்குக்கும் மேல். 6 பேர் வந்தால் பூஜ்ஜியத்தால் வகுக்கவேண்டும், பைத்தான் மாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் அடம்பிடிக்கும். அந்தச் சிவப்பு எழுத்துதான் விடை.

இந்தக் கணக்கை ஆரம்பித்து வைத்தவர் எர்லாங், டென்மார்க்காரர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் அழைப்புகள் எத்தனை லைனில் அடங்கும் என்று பார்த்தவர், முதல் கட்டுரை 1909. ஆலையில் டெஸ்டர் எத்தனை வாங்கவேண்டும் என்பதும் இதே கணக்கு. ஒரு டெஸ்டரை நூற்றுக்கு நூறு ஓடவிடத் திட்டம் போட்ட ஒரு மேலாளரோடு நான் மல்லுக்கட்டிய கதை தனி.

வாத்தி_பாயான்பாரு | பிப்ரவரி 9, காலை 8.05

'அந்தப் பையன் என்ன ஆனான்?' அவனுடைய சொந்தப் புரோகிராமில்தான் ஒரு பிழை இருந்தது, வேறு மாதிரி. நேரத்தை 0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய், நேரம் 1.0க்குச் சமமானால் நில் என்று லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டிருந்தான். நிற்கவே இல்லை. 0.1ஐ, கம்ப்யூட்டர் பயன்படுத்தும் 0, 1 மட்டுமுள்ள இரண்டடிமானத்தில் முழுசாக எழுதமுடியாது. பத்து தடவை கூட்டினால் பைத்தானில் 0.9999999999999999 வரும், 1 வராது.

சின்ன விஷயம் என்று சிரித்தார்கள். 1991 பிப்ரவரி 25, சவுதியின் தாஹ்ரான். அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தளத்தின் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் இந்தத் துளிப் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடியானது. எதிரி ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தேடிய இடத்தில் அது இல்லை. 28 ராணுவத்தினர் இறந்தார்கள்.

இதை முதல் வாரத்தில் சொன்னால் தூங்குவார்கள். அவரவர் லூப் நிற்காத அன்றைக்குச் சொன்னால் கேட்பார்கள்.

வாத்தி_பாயான்பாரு | பிப்ரவரி 12, இரவு 9.50

நேற்று பந்தல்களைப் பார்க்க மாணவர்களை அனுப்பினேன், நானும் போனேன். கையில் ஸ்டாப்வாட்ச், நோட்டு. 10 விநாடி என்று நான் கொடுத்த எண்ணைச் சோதிப்பதுதான் வேலை.

ஒரு குழு திரும்பி வந்து சொன்னது: "சார், அந்தப் பந்தலில் குழாயே யாரும் திறக்கலை." போய்ப் பார்த்தேன். ஒரு ஆன்ட்டி, எழுபது வயசு இருக்கும், மேசை முழுக்கக் கப்பை அடுக்கி முன்கூட்டியே சிராப் (இனிப்புக் குளிர்பானம்) ஊற்றி வைக்கிறார். கூட்டம் இல்லாத நேரத்திலும் கை நிற்பதில்லை, தட்டு தட்டாக நிரப்பிப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறார். வேன் வந்து நின்றதும் பிள்ளைகள் தட்டோடு தூக்கிக்கொண்டு வரிசைக்குள்ளேயே போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வரிசை உண்டாகவே இடமில்லை.

என் மாணவர்களின் தீர்வு என்ன தெரியுமா? இரண்டாவது குழாய். மூன்றாவது குழாய். ஒரு குழு சென்சார் வைத்த தானியங்கிக் குழாய், அர்டுயினோவோடு. அந்தச் சூத்திரத்துக்குள் நின்றுகொண்டு பார்த்தால் கொடுக்கும் வேகத்தைக் கூட்டுவதுதான் ஒரே வழியாகத் தெரியும். சும்மா இருக்கும் நேரத்தைக் கப்பில் பிடித்து வைக்கலாம் என்பது சூத்திரத்தில் இல்லை. கோடிங் பாடம் மட்டும் படித்தவன் குழாயைக் கூட்டுவான், டிசைன் பாடம் மட்டும் படித்தவன் அழகான குழாய் வரைவான்.

இன்றைக்கு வகுப்பில் அந்த ஆன்ட்டியின் மேசையைப் புரோகிராமில் சேர்க்கச் சொன்னேன். எத்தனை கப் முன்கூட்டி வைத்தால் போதும், எத்தனை வைத்தால் வெயிலில் ஐஸ் கரைந்து வீணாகும், இரண்டுக்கும் நடுவில் எது? ஐஸ் கரையும் நேரத்தை அளக்க ஒரு குழு கேன்டீனில் சிராப் வாங்கி வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பில்லை என்னிடம் நீட்டினார்கள். கொடுத்துவிட்டேன்.

வாத்தி_பாயான்பாரு | பிப்ரவரி 13, இரவு 10.20

பந்தல் என்றதும் ஒருவர் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தை ஞாபகப்படுத்தியிருக்கிறார். 1988 ஜூலை 31, சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறை, திருவிழாக் கூட்டம் நின்ற மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். என் தலைமுறைப் பினாங்குக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவன் பிறந்ததே 2006இல்.

அதற்கென்று ஒரு பத்து நிமிட வேலை வைத்திருக்கிறேன். தரையில் டேப் ஒட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். 'இதற்குள் எத்தனை பேர் நிற்கலாம்?' தாளில் நாலு என்று எழுதுவார்கள். அப்புறம் நின்று பார்ப்பார்கள். முண்டியடித்தால் ஏழு. ஆளுக்கு 70 கிலோ என்றால் 490 கிலோ, ஏறக்குறைய 4.8 கிலோநியூட்டன். கூட்டம் கூடும் தளத்துக்கு பிரிட்டிஷ் தரநிலை வைத்திருந்த சுமை சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன். புத்தகத்தில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் தோளும் முழங்கையும் சொல்லிவிடும். பெண்பிள்ளைகள் தனிச் சதுரம், சண்டை வராது.

வாத்தி_பாயான்பாரு | பிப்ரவரி 16, காலை 11.30

ஒரு நல்ல எதிர்ப்பு வந்திருக்கிறது, கோலாலம்பூரில் பாடம் எடுக்கும் அம்மா ஒருவரிடமிருந்து. முதலாம் ஆண்டு மாணவனுக்கு அனுபவமே கிடையாது, அவன் தாளில் எழுதும் ஊகம் வெறும் குருட்டடி, அதற்கு மார்க் போடுவது ஏமாற்று என்கிறார். அவர் வகுப்பில் இதே முறையை வைத்துப் பார்த்ததில், பிள்ளைகள் புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டு அந்த எண்ணையே 'ஊகம்' என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

யோசித்தேன். ஜனவரி 20இல் நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒற்றை எண்ணாகக் கேட்கவேண்டாம். 'இதற்குக் கீழே போகவே போகாது' என்று ஒன்று, 'இதற்கு மேலே ஏறவே ஏறாது' என்று ஒன்று, இரண்டுக்கும் காரணம் ஒரு வரி. சரிவுப் பெட்டிக்கு: பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது, ஏனென்றால் பெட்டி மேலே ஏறாது, 981க்கு மேலே ஏறாது, ஏனென்றால் செங்குத்தாகத் தொங்கினாலும் அவ்வளவுதான். இதற்கு அனுபவம் வேண்டாம், புத்தி போதும். −969 வந்த உடனே வேலிக்கு வெளியே என்று அவனுக்கே தெரியும். காரணம் எழுதவேண்டியிருப்பதால் விடையைப் பார்த்து எழுதுவதும் சுலபமில்லை.

அந்த இரண்டு எண்ணையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதவைத்து, விடை வெளியே போனால் கத்தச் சொல்லலாம் என்றும் தோன்றுகிறது. டெஸ்டரின் லிமிட் ஃபைல் அதுதானே. அப்படியானால் அதே ஃபைலை மாற்றி வைத்துவிட்டுப் போகிறவனும் வருவான். சரி, வரட்டும்.

வாத்தி_பாயான்பாரு | பிப்ரவரி 22, இரவு 11.55

எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்: 'சாட்ஜிபிடி எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறதே, இனி எதற்கு இந்த வகுப்பு?'

போன வருஷம் முழுத் தடை போட்டேன். போலீஸ் வேலை பார்க்கவே நேரம் போனது, பாடம் நடத்த நேரமில்லை. இந்த வருஷம் வேறு மாதிரி. கீழ் எல்லை, மேல் எல்லை எழுதிய தாளை என் மேசையில் வைத்த பிறகு எதை வேண்டுமானாலும் கேட்டு எழுதிக்கொள். ஆனால் வாய்மொழித் தேர்வு உண்டு. உன் புரோகிராமைத் திரையில் போடு. நான் ஒரு வரியை அழிக்கிறேன். இப்போது ஓட்டினால் என்ன ஆகும்? ஓட்டும் முன்னால் சொல்.

சொந்தமாக எழுதியவன் இரண்டு விநாடி யோசித்துச் சொல்கிறான், தப்பாகச் சொன்னாலும் ஏதோ ஒரு பக்கமாகத் தப்புகிறான். வாங்கி ஒட்டியவன் என் முகத்தைப் பார்க்கிறான். அழகான ஆங்கிலக் குறிப்பு வரிக்கு வரி இருக்கும், வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. ஆனால் ஒரு பெண் என்னையே அசத்தினாள். முழுக்கச் சாட்ஜிபிடி எழுதியதுதான், மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு வரியையும் அவளே அழித்து அழித்துப் பார்த்திருக்கிறாள், எதை அழித்தாலும் என்ன ஆகும் என்று தெரியும். அவளுக்கு முழு மார்க் போட்டேன். துறையில் முணுமுணுப்பு.

60 பேருக்கு வாய்மொழித் தேர்வு வைக்க ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொள்ளும். 300 பேர் படிக்கும் இடத்தில் எப்படி என்று கேட்டால், முடியாது. துணை ஆசிரியர் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். பட்டர்வொர்த் அண்ணே, கட்டணம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டிய இடம் இதுதான். அட்டைப்பெட்டி இல்லை.

வாத்தி_பாயான்பாரு | மார்ச் 1, மாலை 5.30

'இதெல்லாம் உங்கள் சொந்த விருப்பமா, அரசாங்கம் கேட்கிறதா?'

இரண்டும். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. இங்கே அங்கீகாரம் பெற்ற எஞ்சினியரிங் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக மதிக்கும் என்பது அதன் பொருள். அதற்காக எஞ்சினியரிங் அங்கீகார மன்றம் டிசைன், நவீனக் கருவிப் பயன்பாடு, குழு வேலை எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்கிறது. கடைசியில் பல பாடங்களைச் சேர்த்து ஒரு பெரிய டிசைன் புராஜெக்ட்டும் கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். நடப்பில் ஓ.பி.இ. (மாணவன் எதைச் செய்யக் கற்றான் என்பதை அளக்கும் கல்விமுறை) அட்டவணையாக வந்து எங்கள் தலையில் விழுகிறது. தண்ணீர்ப்பந்தல் எந்தக் கட்டத்தில் வரும் என்று நிரப்ப எனக்கு ஒரு சனிக்கிழமை போனது.

வேலை விளம்பரம் பற்றியும் ஒன்று. 1972இல் பாயான் லெப்பாஸ் வர்த்தக வலயம் வந்து, இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கே திறந்தபோது இங்கே நடந்தது அசெம்பிளி. அப்போது வேண்டியது கை. இப்போது அதே பாயான் லெப்பாஸில் சிப் வடிவமைப்பே நடக்கிறது. விளம்பரத்தில் சாலிட்வொர்க்ஸ் என்று போடுவது, போடச் சுலபம் என்பதால். நேர்முகத் தேர்வில் நான் உட்கார்ந்தபோதெல்லாம் கேட்டது ஒன்றுதான்: நீ செய்த ஒரு சாமானைச் சொல், அதில் எது உடைந்தது, உடையும் என்று எப்போது தெரிந்தது? சாலிட்வொர்க்ஸ் சான்றிதழ் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் எதுவும் உடையவில்லை என்றார்கள்.

பட்டர்வொர்த்_அப்பா | மார்ச் 8, காலை 9.00

எல்லாம் படித்தேன். மகனிடம் காட்டினேன், அவனும் சிரித்தான். அட்டைப்பாலம் 11 கிலோ தாங்கியது, அவன் எழுதிய எல்லை 6க்கும் 15க்கும் நடுவில். இப்போது கேமிங் லேப்டாப் வேண்டும் என்கிறான், டிசைனுக்காம். 6,000 ரிங்கிட். வேண்டுமா?

வாத்தி_பாயான்பாரு | மார்ச் 8, காலை 9.25

வேண்டாம். 16 ஜிபி மெமரி, விண்டோஸ், ஒரு சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு. சாலிட்வொர்க்ஸ் மேக்கில் நேரடியாக ஓடாது, அதனால் ஆப்பிள் கேட்டால் மறுத்துவிடுங்கள். நல்ல செகண்ட்ஹேண்ட் கிடைத்தால் பாதி விலைக்குள் முடியும். பெரிய அசெம்பிளி வரைய வேண்டி வந்தால் கல்லூரி லேபில் யந்திரம் சும்மாத்தான் இருக்கிறது.

மிச்சக் காசில் ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் (தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி) வாங்கிக் கொடுங்கள். 11 கிலோவில் எந்த மடிப்பு முதலில் போனது என்று கேட்டீர்களா?